எந்த டைனோசர் மாதிரி?



பிள்ளைகளை ஆளாக்குவது கண்டிப்பா, கனிவா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் சொன்னார்: "பெத்தவன்னா டைனோசர் மாதிரி இருக்கணும்ங்க. ஒரு கடி கடிச்சா, பிள்ளை தானா வழிக்கு வரும்!" நல்லா கைதட்டினீங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். எந்த டைனோசர் மாதிரி?

இவன் தமிழ் வாத்தியார், இவனுக்கு டைனோசரைப் பத்தி என்ன தெரியும்னு நினைப்பீங்க. எல்லாம் என் பையன் சொல்லிக் கொடுத்தது. அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு.

நான் செஞ்சிப் பக்கம் வல்லத்துக்காரன். என் பையன் பிளஸ் டூ முடிச்சதும், "அப்பா, நான் நிலவியல் படிக்கிறேன்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்லைப் படிச்சுட்டு ஜல்லி உடைக்கவா போற?" ஒரே கடி. அவன் தட்டைக் கழுவி வச்சுட்டு எழுந்து போனான். நாலு மாசம் என்னோட பேசலை. கேட்டா "ம்". அவ்வளவுதான்.

என் வீட்டம்மா ஒரு நாள் சொன்னாங்க: "ஊருக்கெல்லாம் இனிக்க இனிக்கப் பேசறீங்க. அந்தச் சர்க்கரையில ஒரு துளி வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதா?" (கைதட்டல்)

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு, எங்க மாவட்டத்துத் திருவக்கரைக்குப் பஸ் ஏறினேன். கல்மரங்கள் கிடக்கும் இடம். ஒரு மரத்தைத் தொடச் சொன்னான். "அப்பா, 2 கோடி வருஷத்துக்கு முன்னால இது உயிரோட இருந்த மரம். மண்ணுக்குள்ள புதைஞ்சு, தண்ணியில கரைஞ்ச சிலிக்கா உள்ளே இறங்கி, கல்லாயிடுச்சு." நான் அந்தக் கல்லைத் தொட்டபடி நின்றேன். மரம் கல்லாக எத்தனையோ காலம் ஆச்சு. என் பிள்ளையைக் கல்லாக்க எனக்கு நாலு மாசம் போதுமானதா இருந்தது. (அரங்கில் அமைதி)

அன்று திரும்பி வரும்போதுதான் டைனோசர் கதையெல்லாம் சொன்னான். கேளுங்க.

டைரனோசாரஸ் ரெக்ஸ். சினிமாவில் ஜீப்பை விரட்டுமே, அதுதான். 2012இல் ஆய்வாளர்கள் கணினியில் கணக்குப் போட்டு, அதன் கடைவாய்ப் பல் ஒன்றின் கடி 35,000 முதல் 57,000 நியூட்டன் என்றார்கள். 2017இல் வேறு இருவர், அதிகபட்சம் 34,500தான் என்றார்கள். பட்டிமன்றம் அங்கேயும் உண்டு! (சிரிப்பு) குறைந்த கணக்கையே எடுத்தாலும், மூன்றரை டன் எடை ஒரே கடியில் இறங்குகிற மாதிரி. எலும்பு நொறுங்கிப் போகும்.

அதே டைனோசர் வம்சத்தில் ஸ்டெகோசாரஸ். முதுகெல்லாம் பலகை, வாலில் முள். பார்த்தாலே பயம். கடி? 2010இல் போட்ட கணக்குப்படி 275 நியூட்டனுக்குள்தான். கரும்பு கடிக்கிற நம்ம கடைவாய் அதைவிடப் பலசாலி. எங்க வீட்டில் நான் இந்த ரகம்தான்! (பலத்த சிரிப்பு)

மூன்றாவது, அல்லோசாரஸ். மாமிசம் தின்பது. 2001இல் கணக்குப் பார்த்தால், தாடைத் தசையின் கடி சுமார் 2,000 நியூட்டன். ஆனால் அதன் மண்டையோடு தாங்கக்கூடியது 55,000. கடிக்கிற பலம் கொஞ்சம், தாங்குகிற பலம் அதைப்போல இருபத்தைந்து மடங்குக்கு மேல்! நண்பரே, டைனோசர் மாதிரி இருக்கணும்னா, இந்த டைனோசர் மாதிரி இருங்க. (கைதட்டல்)

நம்ம அரியலூருக்கு வாங்க. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1980களில் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். முதலில், இது மாமிசம் தின்னும் ஜாதி என்றுதான் எழுதினார்கள். பிறகு பார்த்தால், அது இலை தழை தின்கிற நீண்ட கழுத்து ஜாதி! பல அப்பாக்கள் கதை இதுதான். கடிப்பார் என்று பிள்ளை பயந்து ஒதுங்கியே வளரும். அவர் கடிக்கிற ஜாதியே இல்லை என்று தெரியும்போது, பிள்ளைக்கு நாற்பது வயசு.

கடைசியாக ஒன்று. டைனோசருக்கெல்லாம் கணக்குதான், அளந்து பார்த்தவர் இல்லை. உயிரோடு இருக்கும் பிராணிகளில் அளந்து பார்த்த பெருங்கடி உவர்நீர் முதலையுடையது. 2012இல் வெளியான அளவு 16,400 நியூட்டன். அந்தத் தாய் முதலை, முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் கூட்டைத் தோண்டி, அதே வாயில் குஞ்சுகளைக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோய் விடும். ஒரு கீறல் விழாது!

'கடி' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் கூர்மை என்றும் பொருள் சொன்னார், அச்சம் என்றும் சொன்னார். காப்பு என்றும் சொன்னார். பெற்றவர்களுக்குப் பல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வாய்க்குள் பிள்ளை பயமில்லாமல் உட்கார வேண்டும் என்கிறேன்.

என் பையன் நிலவியல்தான் படித்தான். இப்போது தினமும் போன் பண்ணுகிறான். எனக்கு அது போதும். கனிவே, கனிவே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே. (நீண்ட கைதட்டல்)