எரியும் பனிக்காடு: நாவலும் திரையும்



தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் நாவல்களுள் ‘எரியும் பனிக்காடு’ தனியிடம் பெற்றது. ஆயினும் அது தமிழில் பிறந்த நூலன்று. பி. எச். டேனியல் என்னும் தமிழ் மருத்துவர் ‘ரெட் டீ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதினார். 1969ஆம் ஆண்டு வெளிவந்தது. 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த அவர், அங்கே தொழிற்சங்கம் தோன்றவும் முன்னின்றவர். முதிய தொழிலாளர் சொல்லக் கேட்டவற்றையே அவர் கதையாக்கினார்.

கதை 1920களில் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்னும் சிற்றூர். பஞ்சத்தால் வாடிய கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி நீட்டிய முன்பணத்தை வாங்கி மலையேறுகின்றனர். அந்தச் சிறு தொகைதான் விலங்கு. அட்டைக்கடி, குளிர், காய்ச்சல், துரைமாரின் இச்சை, அடி, உதை. ஆண்டிறுதியில் கணக்குப் பார்த்தால் கடன் குறைந்தபாடில்லை.

ஆனைமலையில் மேஸ்திரி என்றவரை நம் மலையகத்தில் கங்காணி என்றனர், பெயர்தான் வேறு. இங்கே ‘துண்டு’ என்றொரு முறையும் இருந்தது. கடனைக் குறித்த அந்தக் காகிதச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல இயலாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அது ஒழிந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, இடையிலே மாண்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். வட்டவளையின் ஓயாத மழையில் கொழுந்துக் கூடை சுமக்கும் தாயின் மகனுக்கு இந்நாவலில் பொருள் விளங்காத பக்கம் ஒன்றேனும் இராது.

ஆனால் அந்த மகன் இதனைத் தன் மொழியில் படிக்க 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேதான் இரா. முருகவேளின் தமிழாக்கத்தைக் கோவை விடியல் பதிப்பகம் வெளியிட்டது. இம்மொழிபெயர்ப்பு ஒரு விந்தையான பணி. கருப்பனும் வள்ளியும் பேசியிருக்கக்கூடியது தமிழே. டேனியல் அதனை ஆங்கிலமாக்கினார். முருகவேள் மீண்டும் தமிழாக்கினார். இதனை மொழிபெயர்ப்பு என்பதைவிட, பிரிந்துபோன பேச்சை வீடு சேர்த்தல் என்பதே பொருந்தும். நம் சி. வி. வேலுப்பிள்ளையும் தோட்ட மக்களின் துயரை முதலில் ஆங்கிலக் கவிதையாகவே பாடினார். சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்தார். யாருடைய கதையோ, அவர்களுக்கே அது கடைசியாய்ச் சென்று சேர்வது நம் இலக்கிய வரலாற்றின் ஒரு வருத்தம்.

2013ஆம் ஆண்டு இயக்குநர் பாலா இந்நாவலைத் தழுவிப் ‘பரதேசி’ என்னும் திரைப்படத்தை எடுத்தார். நாஞ்சில் நாடன் உரையாடல் எழுதினார். செழியன் ஒளிப்பதிவு செய்தார். உடையலங்காரத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. கதைக்காலம் 1939க்கு நகர்ந்தது. கருப்பன் வள்ளி இணைக்குப் பதிலாக ராசாவும் அங்கம்மாளும் வந்தனர். இவற்றை நான் குறையாகக் கொள்ளேன். திரைக்கென ஒரு கதை மாறியே தீரும். ஊரே திரண்டு மலை நோக்கி நடக்கும் காட்சி ஒன்று போதும். நம் பாட்டன்மார் வாய்மொழியாய்ச் சொன்னதைக் கண்ணாலே கண்டோம். இறுதியில் தன்னைத் தேடிக் குழந்தையோடு மலையேறி வந்துவிட்ட அங்கம்மாளைக் கண்டு ராசா மகிழவில்லை, கதறுகிறான். அந்தக் கதறலின் காரணம் தோட்டத்தில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டியதன்று.

ஆயினும் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலின் பிற்பகுதியிலே ஆபிரகாம் என்னும் மருத்துவர் வருகிறார். நோயாளியை மனிதனாக நடத்துகிறார்; அதற்காகத் தோட்ட நிருவாகத்தோடு மோதுகிறார். டேனியல் தம் வாழ்வையே அப்பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறார் என்பது தெளிவு. படத்திலோ மருத்துவர் மதமாற்றத்துக்காக ஆடிப் பாடும் கேலிப்பாத்திரம் ஆகிவிட்டார். மதமாற்றத்தைக் குறைகூற ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டு. ஆனால் யார் எழுதிய கதையோ, அவரையே நகைப்புக்கிடமாக்கியது நேர்மையன்று. அதனால் கதைக்கும் இழப்பு நேர்ந்தது. நாவலில் துன்பத்தை எதிர்க்கும் ஒரு கை எழுகிறது. படத்தில் துன்பம் மட்டுமே எஞ்சுகிறது. படத்தைப் பார்த்த நம் இளைஞர், தம் முன்னோர் அழுதனர் என்பதை அறிவர். சங்கம் அமைத்து நிமிர்ந்தனர் என்பதை அறியார்.

ஆகவே படம் பார்த்த நேயர்கள் நூலையும் தேடிப் படிக்குமாறு வேண்டுகிறேன். நேரம் குறைவாயின், ஆபிரகாம் தோட்டத்துக்கு வந்து சேரும் இடத்திலிருந்தேனும் தொடங்குங்கள்.