ஓவியர் சிற்பியானது ஏன்?



மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் எமாஸ் சாலையிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781ஆம் ஆண்டில் எழுந்தது. இந்நாட்டில் இன்றும் வழிபாடு நடைபெறும் இந்துக் கோயில்களில் அதுவே மிகப் பழையது என்பர். அங்கும் சரி, நம் தோட்டத்துக் கோயில்களிலும் சரி, ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். சுவரில் மாட்டிய சாமிப் படத்துக்குப் பொட்டு வைக்கிறோம், பூச்சரம் சாத்துகிறோம், அத்தோடு சரி. கல்லில் அமைந்த உருவத்துக்கோ எண்ணெய்க் காப்பு, பாலாபிஷேகம், பட்டாடை எல்லாம் உண்டு. உடம்புள்ள ஒருவரை உபசரிப்பது போலவே உபசரிக்கிறோம். நாம் நிற்கும் இடத்தில் நம்மோடு சேர்ந்து நிற்பது சிலை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, சிற்பி எஸ். தனபாலைப் பற்றிப் பார்ப்போம். 1919இல் பிறந்து 2000இல் மறைந்த இவர் சென்னை மயிலாப்பூர்க்காரர். சென்னை அரசு கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றார். நடனமும் கற்று மேடையேறினார். பிறகு தாம் பயின்ற அந்த நிறுவனத்திலேயே ஆசிரியராகி, 1972 முதல் 1977 வரை முதல்வராகவும் இருந்தார். இரண்டு கலைகள் கைவசம் இருந்தும் அவர் பெயர் நிலைத்தது மூன்றாவதான சிற்பத்தில்தான். ஏன் அப்படி?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நடனத்தில் உடம்பே பேசுகிறது. ஆனால் சதங்கையைக் கழற்றியதும் அந்த அசைவு போய்விடுகிறது. ஓவியம் நிலைத்து நிற்கும். ஆனால் அது தட்டையானது. ஆடுபவரின் முதுகு எப்படி இருந்தது என்று படத்தின் பின்னால் போய்ப் பார்க்க முடியுமா? உடம்பின் எடையும் வேண்டும், அது நிலைக்கவும் வேண்டும் என்று கேட்கும் மனம் கடைசியில் மண்ணிடம்தான் வந்து சேரும்.

அவருடைய ஆசிரியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அப்படிப்பட்டவரே. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்ற வங்காளி. 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வர். சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இவர் படைத்தது. நான்கு ஆட்கள் ஒரு பாறையை நெம்பிப் புரட்டுகிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால் மூச்சைப் பிடித்த முகங்கள் தெரியும். பின்னால் போனால் முறுகிய முதுகும் ஊன்றிய குதிகாலும் தெரியும். செம்பனைக் குலையைத் தூக்கி லாரியில் எறிந்து பழகியவருக்கு அந்த முதுகைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1966இல் எழுந்த தேசிய நினைவுச் சின்னத்தில் ஏழு வெண்கல வீரர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா போகும் மாணவர்கள் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இனிமேல் சுற்றி வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சிற்பம் சுலபமான தேர்வு என்று எண்ணிவிடாதீர்கள். ஓவியம் விற்றால் வாங்கியவருக்கு ஓர் ஆணி போதும். சிலைக்கு இடம் வேண்டும். களிமண்ணில் உருவம் செய்து, அதன்மேல் சாந்து பூசி அச்செடுத்து, உலோகம் உருக்கி வார்த்து முடிப்பதற்குள் செலவு கையைக் கடிக்கும். கல்லாக இருந்தாலோ, உளி பிசகிப் போன மூக்கை மறுபடி ஒட்ட முடியாது. அப்படியிருந்தும் சிலருக்கு வேறெதுவும் மனத்துக்கு ஒப்புவதில்லை. இத்தாலியின் மிக்கேலாஞ்சலோ ரோம் நகரச் சிற்றாலயத்தின் கூரை முழுவதும் 1508 முதல் 1512 வரை ஓவியம் தீட்டியவர். உலகமே வியக்கும் ஓவியம் அது. அவரோ தம்மைச் சிற்பி என்றே சொல்லிக்கொண்டார்.

தனபால், பெரியாரை நேரில் அமரவைத்து அவர் தலையை வடித்தார். ஓவியர் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிடலாம். வெளிச்சத்தையும் தாமே தீர்மானிக்கலாம். சிற்பிக்கு அந்தச் சலுகை இல்லை. காதின் பின்புறமும் பிடரியும்கூட அந்த மனிதருடையதாகவே இருக்க வேண்டும். காலை வெயிலிலும் மாலை நிழலிலும் அவராகவே இருக்க வேண்டும். மாலை போடுவதற்கென்றே முச்சந்தியில் நிறுத்தும் சிலைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை!

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளில் கலைப் பாடம் என்றால் வண்ணப் பென்சில்தான். மண்ணைப் பிசையும் பிள்ளையை, சட்டை அழுக்காகிறது என்று அதட்டுகிறோம். தாளில் நேராக ஒரு கோடு இழுக்க வராத பையனுக்கு மண்ணில் கை பேசலாம். பென்சில் வாங்கப் பணம் வேண்டும். கால்வாய் ஓரத்துக் களிமண்ணுக்குக் காசில்லை.

என் வகுப்பில் அப்படி ஒருவன் மாடு செய்தான். நான்கு காலும் மெலிதாக இருந்ததால் உடல் பாரம் தாங்காமல் சரிந்தது. தாளில் வரைந்த மாட்டுக்கு எவ்வளவு மெல்லிய கால் போட்டாலும் அது விழாது! அவன் கால்களைத் தடிமனாக்கினான். பார்க்க யானை போல் இருந்தது. சற்று யோசித்தான். பிறகு கால்களை மடக்கி, மாட்டைப் படுக்க வைத்துவிட்டான். ரப்பர் மரத்தடியில் அசைபோடும் மாடு அப்படியே வந்துவிட்டது. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.