பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்
(பிறையில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1950-களின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலை போயிற்று, லயத்து வீடும் போயிற்று. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பால்மரம் வெட்டுகிறவர்களிடமே பங்குப்பணம் கேட்டார். மாதம் 10 வெள்ளி! அன்றைய கூலிக்கு அது சிறு தொகையா? கொடுத்தார்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் அதன் முதல் தோட்டம்.

இன்று பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் பிறைத் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். போகட்டும். ஆனால் பாட்டன் வயிற்றைக் கட்டி வாங்கிய பங்குச் சீட்டு பெட்டியடியில் மக்கலாமா? வாரிசுப் பெயரைப் பதிந்து வையுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு என்போன்ற கிராணிமார் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் காசு வாங்கக் கூடாது.