காலி கஜானாவைப் பொறுப்பேற்றவர்

அழைப்பிதழை விசிறியாக்கிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

என்னை அறிமுகப்படுத்தியபோது சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். பணிக்காலம் முழுவதும் அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். எந்தத் தலைவரைப் பற்றிப் படித்தாலும் அவர் விட்டுப்போன கணக்குதான் முதலில் என் கண்ணில் படும். அப்படி என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் லைபீரியாவின் முன்னாள் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப்.

அவரும் உங்களைப் போன்ற மாணவர்கள் முன் பேசியவர்தான். 1972-ல் நிதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே, தான் படித்த பள்ளியின் பட்டமளிப்பு மேடையில் அரசாங்கத்தை வெளுத்து வாங்கினார். கொஞ்ச காலத்தில் நாட்டை விட்டு உலக வங்கி வேலைக்குப் போய்விட்டார். சிறப்பு விருந்தினர்கள் பொதுவாக ஏன் வழவழவென்று பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

பிறகு திரும்பி வந்து நிதியமைச்சரானார். 1980 ஏப்ரலில் ராணுவத்தைச் சேர்ந்த சாமுவேல் டோ ஆட்சியைக் கைப்பற்றினார். பழைய ஆட்சியைச் சேர்ந்த 13 பேரை மன்ரோவியா கடற்கரையில் கம்பங்களில் கட்டிவைத்துச் சுட்டார்கள். தப்பிய சில அமைச்சர்களில் இவர் ஒருவர். அதன்பின் சிறை, நாடுகடந்த வாழ்க்கை. 1989-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் நடுவில் சற்று ஓய்ந்து, மறுபடி மூண்டு, 2003-ல்தான் அடங்கியது. இறந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் என்கிறார்கள். 2005 தேர்தலில் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வியாவை வென்று, 2006 ஜனவரி 16-ல் சர்லீஃப் பதவியேற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று அதிபரான முதல் பெண்.

இனி என் பேட்டைக்கு வருகிறேன். அவர் கைக்கு வந்த வெளிநாட்டுக் கடன் 450 கோடி டாலருக்கும் மேல். அரசின் ஆண்டு பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர். சம்பளம், பள்ளி, மருந்து எதற்கும் ஒரு காசு செலவழிக்காமல் அத்தனையையும் கடனுக்கே கட்டினாலும் அசல் அடைய ஐம்பது வருடத்துக்கு மேலாகும். வட்டி தனி.

எனக்கு இது புதிதல்ல. மாணவனாக இருந்தபோது விடுதியில் என்னை மெஸ் செயலாளர் ஆக்கினார்கள். பெருமையாக மளிகைக்கடைக்குப் போனால் அண்ணாச்சி, "பழைய பாக்கி தீராம ஒரு படி பருப்பு கிடையாது தம்பி" என்றார். பாக்கி எவ்வளவு? எங்களிடம் நோட்டே இல்லை. முந்தின வருடத்து அண்ணன்கள் அதையும் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணாச்சி சொன்னதுதான் கணக்கு. அவர் கடைச் சிட்டைகளை வாங்கி வந்து, ராத்திரியெல்லாம் கூட்டிக் கழித்து, ஒரே அரிசி மூட்டை இரண்டு இடத்தில் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகுதான் பேரமே படிந்தது. அதுவரை விடுதி முழுக்க ரசமும் அப்பளமும்தான். நான் செய்த முதல் தணிக்கை அது. என்னைத் திட்டாதவன் அந்த விடுதியில் ஒருவனும் இல்லை.

சர்லீஃபின் ஆட்களும் அதையேதான் செய்தார்கள், கொள்ளைபோன அலுவலகங்களில் உட்கார்ந்துகொண்டு. அரசுச் செலவுக்கு உள்ளூர் அதிகாரியோடு ஒரு வெளிநாட்டு நிபுணரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று ஓர் ஏற்பாடு, சர்லீஃப் வருவதற்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. சுதந்திர நாட்டுக்கு இது அவமானம் என்று பலர் கொதித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றார். 2009-ல் தனியார் கடன்காரர்களுக்குத் தரவேண்டிய சுமார் 120 கோடி டாலர், டாலருக்கு 3 சென்ட் வீதம் தீர்க்கப்பட்டது. அந்தப் பணமும் உலக வங்கியும் சில நாடுகளும் கொடுத்ததுதான். 2010-ல் மீதிக் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானது. போர் முடிந்த நாட்டைத் தூக்கி நிறுத்துவது மேடைப் பேச்சல்ல, இந்த மாதிரிக் குமாஸ்தா வேலைதான் என்பது என் கட்சி. 2011-ல் கிடைத்த நோபல் பரிசைவிட அந்த 3 சென்ட்தான் எனக்குப் பெரிது.

பெற்றோர்கள் கேட்டுக்கொள்ள ஒரு செய்தி. 2007-ல் அங்கே காவலுக்குப் போன, முழுக்கப் பெண்களே கொண்ட முதல் ஐ.நா. காவல் பிரிவு நம் மத்திய ரிசர்வ் போலீஸ் பெண்கள்தான்.

தீராத தணிக்கைத் தடைகளையும் சொல்லியாக வேண்டும். சர்லீஃப் அரசின் தலைமைத் தணிக்கையாளர் ஜான் மோர்லு, இந்த ஆட்சியில் ஊழல் முந்தைய ஆட்சியைவிட மூன்று மடங்கு என்று பகிரங்கமாகச் சொன்னவர். 2011-ல் அவருக்குப் பணி நீட்டிப்புத் தரப்படவில்லை. அந்த விவகாரத்தில் நான் என் தொழில்காரர் பக்கம். பிள்ளைகளை உயர்பதவிகளில் உட்கார வைத்தார் சர்லீஃப். 2012-ல் சொத்துக் கணக்குக் காட்டாத 46 அதிகாரிகளை இடைநீக்கம் செய்தபோது அதில் தன் மகன் ஒருவரையும் சேர்த்தார். வைத்தது தப்பு, நீக்கியது சரி என்று இரண்டு பத்திகளாக எழுதுவேன்.

பெரிய பத்தி வேறு. போரின் தொடக்கத்தில் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லர் தரப்புக்குப் பணம் கொடுத்ததற்காக, 30 ஆண்டு பொதுப்பதவி வகிக்கக் கூடாதவர்கள் பட்டியலில் உண்மை அறியும் ஆணையம் 2009-ல் சர்லீஃபின் பெயரையும் சேர்த்தது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பின்னர் டெய்லருக்கு 50 ஆண்டு சிறை கிடைத்தது. அதுவும் பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த கொடுமைகளுக்காக. லைபீரியாவில் செத்தவர்களுக்காக சர்லீஃப் ஆட்சி முடியும்வரை அங்கே ஒரு போர்க்குற்ற நீதிமன்றம்கூட வரவில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்க வேண்டியது. 2013-ல் லைபீரியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை ஏறத்தாழ 25,000 பேர் எழுதினார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை. அதில் பதினெட்டு வயதுப் பிள்ளை அ, ஆ படிக்க வேண்டிய வயதில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடன்காரனிடம் பேசித் தள்ளுபடி வாங்கலாம். அந்த ஆண்டுகளை யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் கையில் இருக்கப்போகும் தாளை அங்கே ஒரு தலைமுறை எட்டவே முடியவில்லை.

2018 ஜனவரியில் சர்லீஃப் பதவியை ஒப்படைத்தார், 2005-ல் தான் தோற்கடித்த அதே வியாவிடம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இன்னொருவருக்கு அமைதியாக வழிவிட்டது அங்கே 1944-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. விழா நடந்தது சாமுவேல் டோ விளையாட்டரங்கில். சர்லீஃபைச் சிறையில் போட்டவரின் பெயர் தாங்கிய இடம். சில நாள் முன்னால்தான் அவர் சொந்தக் கட்சியே அவரை நீக்கியிருந்தது. பதவியேற்ற கையோடு வியா நாடாளுமன்றத்தில் சொன்னது, கஜானா காலி என்று! அதில் உண்மை எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்பது தனி ஆய்வு. பொருளாதாரம் முடித்தவர்கள் யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பதிவாளர் இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.