கரிச்சானின் குடும்பம்

கண்டி தலதா மாளிகையின் பின்னே உயர்ந்து நிற்பது உடவத்தகெலே வனம். 1938ஆம் ஆண்டு முதல் சரணாலயமாக விளங்கும் அவ்வனத்தின் நிழலிலே நெடுவாற் சோலைபாடி இசைக்கும். நகரத்து வீட்டுத் தோட்டங்களிலோ, சிங்களத்தில் பொல்கிச்சா எனப்படும் குண்டுக்கரிச்சான் விடியலிற் பாடும்.

இக்கரிச்சான் எக்குடும்பத்தைச் சேர்ந்தது? 1758இல் லின்னேயசு இதனை மலைமைனாவோடு ஒரே பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் குரலினிமையையும் புள்ளியிட்ட குஞ்சுகளையும் நோக்கிப் பூங்குருவிக் குடும்பத்திற் சேர்த்தனர். நூல்களும் நெடுங்காலம் அவ்வாறே கூறின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிப்லி, அல்குவிஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், வெவ்வேறு பறவைகளின் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று இணைத்துச் சூடேற்றினர். நெருங்கிய உறவாயின் அவ்விணைப்பு எளிதிற் பிரியாது. கரிச்சானும் சோலைபாடியும் பூங்குருவிகளல்ல, உடவத்தகெலேயில் பூச்சி பிடிக்கும் சிறு நீல ஈப்பிடிப்பானின் சுற்றத்தாரே என்பது அதனாற் புலனாயிற்று. பிற்கால மரபணு ஆய்வுகளும் இம்முடிவை உறுதி செய்தன.

கண்ணுக்கும் காதுக்கும் ஒத்தவை யாவும் உறவாகிவிடா. சான்று கிடைத்தபோது பழைய ஏட்டைத் திருத்த அஞ்சாமையே அறிவியலின் சிறப்பு. பறவைகளின் பெயர்ப்பட்டியலை மனனஞ் செய்யும் மாணவர்க்கு முதலிற் கற்பிக்கத் தக்கதும் அதுவே.