ஆகாயச் சமர் பயின்ற கதை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டம் முடிந்து நான் வெளியே வரும்பொழுது நமது பெரியவர் ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தி, "தம்பி, இந்த வயதிலும் கணினியிலே விமானச் சண்டை விளையாடுகிறீராமே, உண்மைதானோ?" என்று கேட்டார். "உண்மைதான் ஐயா" என்றேன். "அப்படியானால் அதனால் வரும் பிரயோசனம் என்னவென்று அடுத்த கூட்டத்திலே சபையோருக்கு எடுத்துச் சொல்லும்" என்றார். அது அழைப்போ தண்டனையோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எப்படியாயினும் அவர் கட்டளையை நிறைவேற்ற வந்து நிற்கிறேன்.

இது வெறும் பிள்ளை விளையாட்டா என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பிங்ஹாம்ரன் என்னும் ஊரிலே எட்வின் லிங்க் என்றொருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டு, விமானத்தைப் போலச் சாய்ந்தும் நிமிர்ந்தும் ஆடும் ஒரு சிறு பெட்டியை மகன் 1929 ஆம் ஆண்டளவில் செய்து முடித்தார். முதலில் அதை வாங்கியவர்கள் களியாட்டத் திடல் நடத்துவோரே. 1934 இல் தபால் கொண்டு செல்லும் வேலை அமெரிக்க இராணுவ விமானிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மோசமான காலநிலையில், இருளிலும் பனிமூட்டத்திலும் பறக்கப் பழகாத பலர் மாண்டார்கள். அதன் பின்னரே இராணுவம் அந்தப் பெட்டிகளில் ஆறை வாங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் அதிலே பயின்றுவிட்டனர். களியாட்டப் பொருளாக இருந்தது கல்விச் சாதனமாயிற்று. இன்று நம் மேசைமேல் ஓடும் பறப்பு விளையாட்டுகள் அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகளே.

நான் பழகியது 'இல்-2' என்னும் விளையாட்டின் 2006 ஆம் ஆண்டுத் தொகுப்பு. இரண்டாம் உலக யுத்த காலத்து விமானங்கள் பல அதிலே உண்டு. முதல் நாள் நான் ஹரிக்கேன் என்னும் பிரித்தானிய விமானத்தைத் தெரிந்தெடுத்து, எதிரியாக ஜப்பானியரின் சீரோ விமானம் ஒன்றை வைத்தேன். எதிரி பக்கத்திலே வந்ததும் கட்டுப்பாட்டுத் தடியை வயிற்றோடு சேர்த்து இழுத்துத் திரும்பினேன். இரண்டு சுற்று முடியுமுன் அவன் என் முதுகிலே நின்றான். என் விமானமோ வேகம் குன்றித் தள்ளாடியது. வீழ்ந்தேன். அன்றிரவு மட்டும் பதினொரு தடவை வீழ்ந்தேன். ஒவ்வொரு தடவையும் முன்னையிலும் பலமாகத் தடியை இழுத்ததே நான் கண்ட பரிகாரம்!

அந்தப் பரிகாரமே நோயென்பதை அறிய எனக்கு மூன்று மாதம் சென்றது. அதன் காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். நேரே பறக்கையில் மணிக்கு 100 மைலுக்குக் கீழே தாங்குதிறனை இழக்கும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதை 60 பாகை சரித்து, உயரம் குறையாமல் திருப்பினால், சிறகுகள் அதன் நிறையைப்போல் இரு மடங்கைத் தாங்கவேண்டும். அப்பொழுது 141 மைல் வேகத்திலேயே அது தாங்குதிறனை இழந்துவிடும். வேகம் இரு மடங்கானாலோ, அதே சரிவிலே அது போடும் வட்டம் நான்கு மடங்கு அகன்றுபோகும். ஆகவே இறுக்கித் திரும்புவது என்பது செலவு. வேகம் என்பது கையிலுள்ள பணம். உயரம் என்பது வங்கியிலே போட்ட பணம். ஊஞ்சலைப் பாருங்கள், உச்சியிலே வேகமில்லை, அடியிலே உயரமில்லை, ஆனால் ஒன்று மற்றதாக மாறிக்கொண்டேயிருக்கிறது. விமானமும் அப்படியே. சேமிப்பில்லாதவன் செலவு செய்யப் புகுந்தால் கடனாளியாவான். ஆகாயத்திலே கடன் கொடுப்பார் ஒருவருமில்லை.

இதற்கு நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, ஈஸ்ரர் ஞாயிறு காலை, ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதற்கு முதல் நாளே, கொக்கலையிலிருந்து சென்ற கற்றலினா விமானத்தின் தலைவரான கனடா நாட்டு லெனார்ட் பேர்ச்சால் பகைவரின் கப்பற்படையைக் கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பிவிட்டார். அப்படியிருந்தும், பகை விமானங்கள் தலைக்கு மேலே வந்த பின்னரே இரத்மலானையிலிருந்து ஹரிக்கேன்கள் கிளம்பின. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலும் அன்று ஒரு விமானத் தளமாயிருந்தது. கிளம்பியவர்கள் தைரியத்திலே குறைந்தவர்களல்லர். ஆனால் நிலத்தை விட்டு எழும்பும் விமானத்துக்கு உயரமுமில்லை, வேகமுமில்லை. சீரோவோ பாரம் குறைந்த விமானம். விமானியைக் காக்கும் கவசத் தகடுகூட அதிலே கிடையாது. அதனாலேயே மிகச் சிறிய வட்டத்திலே திரும்ப அதனால் முடிந்தது. பல ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. அதே சீரோ, வேகம் மிகக் கூடும்போது திருப்புவதற்குக் கடினமாகிவிடும். ஆகவே உயரத்திலிருந்து இறங்கித் தாக்கி, திரும்பிச் சுற்றாமல் அதே வேகத்தோடு மேலேறிப் போவதே அதை எதிர்ப்பதற்கு ஏற்ற வழியென்பதைப் பின்னர் எல்லோரும் கற்றனர். பதினொரு தடவை வீழ்ந்த எனக்கு, அந்தக் காலை நேரத்துச் சரித்திரம் அப்பொழுதுதான் விளங்கியது.

இனி நான் பழகிய உபாயங்களில் ஒன்றை மாத்திரம் விளக்குகிறேன். ஆங்கிலத்திலே இதை 'ஹை யோ-யோ' என்பார்கள். எதிரி முன்னாலே இறுக்கித் திரும்புகிறான். நாம் அவனிலும் வேகமாக வருகிறோம். அவனோடு சேர்ந்து திரும்ப முயன்றால், நமது வட்டம் பெரிதாகையால் அவனைக் கடந்து முன்னே போய்விடுவோம்; பின்பு அவனே வேட்டைக்காரன். ஆகவே அவனோடு திரும்பாமல் மூக்கை மேலே தூக்க வேண்டும். மிஞ்சிய வேகம் உயரமாக மாறும். உச்சியிலே விமானத்தைச் சரித்து, கீழே அவன் திரும்பும் பக்கத்தைப் பார்த்து இறங்கவேண்டும். சேமித்த உயரம் மறுபடி வேகமாகும். நாமோ அவன் பின்னாலே நிற்போம். சொல்லுவதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு எனக்கு ஆறு வாரம் சென்றது. எதிரி கைக்கெட்டிய தூரத்திலே தெரியும்பொழுது அவனை விட்டு மேலே போவதற்கு மனம் இசையாது. கை பழகுவதற்கு முன்னே மனம் பழகவேண்டியிருந்தது.

அடுத்ததாக, கண் பழகவேண்டும். ஜேர்மானிய விமானி ஒஸ்வால்ட் போல்க்க 1916 இல் ஆகாயப் போருக்கு எட்டு விதிகளை வகுத்தார். தாக்குமுன் உயரம் முதலிய அனுகூலங்களைத் தேடிக்கொள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்பதே அதன் தொடக்கம். அந்த விதிகளை வகுத்தவரே அதே ஆண்டு ஒக்ரோபர் மாதம், தம் சொந்தத் தோழரின் விமானத்தோடு மோதுண்டு இறந்தார். எவ்வளவு கற்றவருக்கும் ஒருகணம் கண் தவறலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் இவற்றைக் கற்கலாமென்று எண்ணும் தம்பிமாருக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். அமெரிக்கக் கடற்படை விமானி ஜோன் தாச் 1941 இல், சீரோவின் திறமையைக் கேள்விப்பட்டு, தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் தீக்குச்சிகளை வைத்து இரவிரவாக யோசித்தார். இரண்டு விமானங்கள் குறுக்கும் மறுக்குமாக ஒன்றை நோக்கி ஒன்று திரும்பி, ஒருவர் முதுகை மற்றவர் காக்கும் 'தாச் நெசவு' அப்படியே பிறந்தது. 1942 யூன் மாதம் மிட்வே சமரிலே அதுவே அவரைக் காத்தது. அந்தத் தீக்குச்சிகளுக்கு என்ன விலை?

எனக்கு வாய்த்த குருவோ என் மருமகன், பதினைந்து வயது. அந்த விளையாட்டிலே நடந்த சண்டையைப் பதிவுசெய்து மறுபடி பார்க்கும் வசதி உண்டு. வென்ற சண்டைகளையே நான் திரும்பத் திரும்பப் போட்டு மகிழ்வேன். ஒருநாள் அவன் தோற்றவற்றைப் போடச் சொன்னான். நாலைந்தைப் பார்த்துவிட்டு, "மாமா, பயம் வந்ததும் நீங்கள் எப்பொழுதும் இடப்பக்கந்தான் திரும்புகிறீர்கள்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது மெய். மாதக்கணக்காக நான் அறியாத என் குறையைப் பதிவு காட்டியது. அதைச் சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருந்தது. அன்று தொடக்கம் தோல்விகளை மட்டும் பார்ப்பதென்று இருவரும் முடிவு செய்தோம். அதற்குப் பின்னரே நான் முன்னேறினேன்.

பெரியோர்களே, உங்கள் மனத்திலே வேறொரு கேள்வி இருப்பதை அறிவேன். அதைக் கேட்டவர் என் தாயார். ஓரிரவு நான் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். விமானம் தாழப் பறக்கும் ஒலி கேட்டு அம்மா படுக்கையை விட்டெழும்பி வாசலுக்கு வந்துவிட்டார். யுத்த காலத்திலே யாழ்ப்பாணத்தில், முற்றத்திலே வெட்டிய பங்கருக்குள் எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். "நிற்பாட்டு மோனை" என்றார். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கீழே நிற்கிற சனத்தையும் இதிலே காட்டுவாங்களோ?" என்று கேட்டார். வீடுகளைக் காட்டுவார்கள், வீதிகளைக் காட்டுவார்கள். அந்த வீடுகளுக்குள்ளே இருப்பவர்களைக் காட்டுவதில்லை. அதைத்தான் அவருக்குச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார்.

அந்த இரவுக்குப் பின் நிலத்தைத் தாக்கும் விளையாட்டுகளை நான் தொடவில்லை. விமானத்தோடு விமானம் மோதுவதை மட்டும், காதிலே கேட்பொறி மாட்டிக்கொண்டு, இன்றும் பழகுகிறேன். அதையும் விட்டுவிட வேண்டுமென்று இந்தச் சபையிலே யாராவது சொன்னால், அவரோடு வாதாட மாட்டேன். ஆனால் பழகும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லுவேன். நமது விளையாட்டிலே வீழ்ந்தவன் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி எழும்புகிறான். இரத்மலானையிலே அன்று காலை கிளம்பியவர்களுக்கு அந்தப் பொத்தான் இருக்கவில்லை. கீழே நின்றவர்களுக்கும் இருக்கவில்லை. அதை மறவாமல் விளையாடுங்கள். அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள், முதலில் உயரத்தைச் சேமியுங்கள். தோற்ற சண்டையைத் திரும்பப் பாருங்கள். பக்கத்திலே இருப்பவர் குறை சொன்னால் கேளுங்கள். வீட்டிலே பெரியவர்கள் நித்திரையென்றால் சத்தத்தைக் குறையுங்கள்.