சமூகவியலைத் தொடர்வதா? பதினேழு வயதின் முன் நிற்கும் கேள்வி

(திருவனந்தபுரத்தில், பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரான தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.எஸ்.எல்.சி. தேறி மேல்நிலைப் பள்ளியின் கலைப் பிரிவில் சேரும் மாணவர்களில் பலர் சமூகவியலைத் தேடிச் சென்று எடுப்பதில்லை. அறிவியல் பிரிவில் இடம் கிட்டாதபோது, வரலாற்றோடும் பொருளாதாரத்தோடும் சேர்ந்து அது அவர்களிடம் வந்து சேருகிறது. இரண்டாண்டு கழிந்ததும், இதையே பட்டப்படிப்பிலும் தொடரப் போகிறாயா என்று வீடு கேட்கிறது. பதில் சொல்ல வேண்டியவருக்கு வயது பதினேழு. சாலைச் சந்தையில் சுமை தூக்கும் தந்தைக்கும் கரமனையில் தையல் வேலை பார்க்கும் தாய்க்கும் இது மூன்று, நான்கு ஆண்டுச் செலவைப் பற்றிய கேள்வி. அதை அற்பக் கவலை என்று ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இப்பாடத்தைப் பயனற்றது என்று கருதுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பயனற்ற பாடத்தை ஆட்சியாளர்கள் ஏன் வெட்டுகிறார்கள்? பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. மேல்நிலை வகுப்புகளின் பாடநூல்களில் நீக்கங்கள் செய்தது. நகரங்களில் மக்கள் மத அடிப்படையில் தனித்தனிப் பகுதிகளாக ஒதுங்கி வாழ நேர்வதை 2002 குஜராத் வன்முறையை எடுத்துக்காட்டி விளக்கிய பகுதி, பதினோராம் வகுப்புச் சமூகவியல் நூலிலிருந்து அகற்றப்பட்டது. கேரள அரசு அந்த வெட்டை ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றுக்குக் கூடுதல் பாடநூல்களை இதே திருவனந்தபுரத்தில் வெளியிட்டது.

அதே பதினோராம் வகுப்பு நூலில் மார்க்ஸ், துர்க்கைம், வெபர் மூவரும் அடுத்தடுத்து வருகிறார்கள். இந்தியச் சமூகவியலாளர் வரிசையில் ஏ.ஆர்.தேசாய் இடம்பெறுகிறார். இந்திய தேசியத்தின் சமூகப் பின்னணியை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்து 1948இல் நூல் வெளியிட்டவர். கம்யூனிஸ்ட் கட்சியில் சில ஆண்டுகள் இருந்து பின்னர் விலகியவர். விலகியவர் என்பதற்காக அவரைப் படிக்காமல் விடுவது இழப்பு. வெபரைப் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்சுவதும் அத்தகையதே.

இப்பாடத்தின் வேலை என்ன? திருவனந்தபுரத்தை அடுத்த ஊரூட்டம்பலத்தில், நூறாண்டுக்கும் முன்னர், பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளி தீக்கிரையானது. புலையர் சமூகத்துப் பிள்ளைகளின் கல்விக்காக விவசாயத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்த வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. இன்று அப்பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. பள்ளி எரிந்ததை வரலாறு பதிவு செய்யும். ஒரு சிறுமி பெஞ்சில் அமர்வது ஏன் சிலருக்குத் தாங்க முடியாததாயிற்று, நிலமும் சாதியும் அங்கே எப்படிப் பின்னிக் கிடந்தன, வேலை மறுப்பு ஏன் வலிமையான ஆயுதமாயிற்று என்ற கேள்விகளைச் சமூகவியல் எடுத்துக்கொள்கிறது.

தஞ்சை மண் மற்றோர் எடுத்துக்காட்டு. காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைச் சிற்றூர்களில் தங்கி ஆய்வு செய்தார். ஆந்த்ரே பெத்தெய் இன்னோர் ஊரை ஆராய்ந்து, சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றின் உறவைப் பற்றிய நூலை 1965இல் வெளியிட்டார். (கும்பப்பேட்டை, ஸ்ரீபுரம் என்று நூல்களில் வருபவை புனைபெயர்கள், வரைபடத்தில் தேட வேண்டாம்.) மூன்று ஆண்டுகளில், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் கொளுத்தப்பட்டன. அந்நூல்கள் அத்தீயை முன்னறிவிக்கவில்லை. ஆனால் கூலிக் கோரிக்கை ஏன் அங்கே உயிர்க்கொலையாக முடிந்தது என்று விளங்கிக்கொள்ள முனைபவர் அவற்றைத் தவிர்க்க முடியாது.

இனி வேலைவாய்ப்பு. இதில் மழுப்பலுக்கு இடமில்லை. சமூகவியலில் இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்று நிற்பவருக்குத் திறக்கும் கதவுகள் குறைவு. அங்கன்வாடிகளைக் கண்காணிக்கும் மேற்பார்வையாளர் பணிக்கு அது தகுதிகளில் ஒன்று. பட்டதாரிகளுக்கான பொதுத் தேர்வுகள் எல்லாருக்கும் உரியவை. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், சமூகப் பணி, ஆய்வு ஆகிய துறைகளில் நிற்க வேண்டுமானால் முதுகலையும் அதற்கு மேலும் தேவை. ஆகவே ஐந்தாண்டுக் கணக்குப் போட்டே முடிவெடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்களுக்குக் கேரளத்தில் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொடரலாமா என்று அறிய மதிப்பெண்ணைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறையில் மாணவர் தன் தெருவைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். வெளிநாடு சென்றவர் அனுப்பும் பணத்தை வீட்டில் யார் செலவிடுகிறார், வங்கத்திலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளிக்கு வாடகை வீடு ஏன் கிடைப்பதில்லை, இப்படி எதுவாயினும் ஆகட்டும். இருபது வீடுகளுக்குச் சென்று கேட்டு, எழுதி, எண்ணிப் பார்க்கட்டும். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கிய கேரளக் குடிபெயர்வு ஆய்வும் வீடு வீடாகக் கேட்டு எண்ணியதுதான். ஐந்தாவது வீட்டில் சலித்துப்போகிறவருக்கு இத்துறை சுமையாகும். இருபதாவது வீட்டில் புதிய கேள்வியோடு திரும்புகிறவரைத் தடுப்பது பிழை. கணக்கைக் கண்டு ஓடிவந்து கலைப் பிரிவில் ஒதுங்கியவருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை: புள்ளியியல் இங்கேயும் காத்திருக்கிறது.

கட்சிக் குடும்பங்களுக்கே உரிய நோய் ஒன்றும் உண்டு. இயக்கத்துக்குப் பயன்படும் என்று பிள்ளையை இப்பாடத்தில் தள்ளுவது. சமூகவியல் படித்தவர் எல்லாரும் நம் பக்கம் நிற்பதில்லை. நம் பக்கம் நிற்பவர் எல்லாரும் அதைப் படித்தவரும் அல்லர். மின்பணி கற்க விரும்பும் மகனைச் சாதி ஒழிப்பின் பெயரால் வகுப்பறையில் அமர்த்துவதில் நியாயமில்லை. பெண் பிள்ளைக்கு "இலேசான பாடம், திருமணம் வரை படிக்கட்டும்" என்று இதையே ஒதுக்குவது அதனினும் மோசம். இவ்வழக்கம் தோழர்கள் வீட்டிலும் இல்லாமலில்லை.

முடிவு திரும்பப் பெற முடியாததும் அன்று. 2024இல் கேரளப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நான்காண்டுப் பட்டத்தில் மூன்றாம் ஆண்டோடு பட்டம் பெற்று வெளியேறலாம். நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதலாண்டின் முடிவில் முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. மலையாளத்தில் படிக்கத் தயங்கும் தமிழ் மாணவர்களுக்குத் திருநெல்வேலி தூரமில்லை. திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரனாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது.

கிளைத் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று. விண்ணப்ப நாட்கள் நெருங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, பிள்ளைகளைக் காரியவட்டம் வளாகத்துக்கும் ஸ்ரீகாரியம் லயோலா கல்லூரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களோடு அவர்கள் தனியே பேசட்டும். அந்த நேரத்தில் பெற்றோர் வெளியே தேநீர்க் கடையில் இருப்பது நல்லது.